ஏரிச்சாலையில் ரிவர்ஸ்

ஏரியை ஒட்டிப் போன சாலை ஒரு வளைவு தாண்டியதும் அறுந்து கிடந்தது. மண் சரிந்து பாதித் தார் தண்ணீருக்குள் போயிருந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். காருக்குப் பின்னால் மாட்டியிருந்த வீட்டு வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது.

இடப்பக்கம் மலையைத் தாங்கும் கல்சுவர். வலப்பக்கம் முழங்கால் உயரத் தடுப்புக் கற்கள், அதற்குக் கீழே ஏரி. திருப்ப இடமில்லை. இருநூறு மீட்டர் பின்னால் ஒரு கல்குவாரி வாசல் உண்டு. அதுவரை ரிவர்ஸில்தான் போக வேண்டும்.

அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுபவள். சந்துபொந்தெல்லாம் ரிவர்ஸ் எடுத்தவள்தான், ஆனால் பின்னால் ஒன்றை மாட்டிக்கொண்டு அல்ல. டைல்ஸ் வேலை செய்யும் அவள் கணவன், வெளியூர் வேலைகளுக்குப் போனால் தங்கிக்கொள்ளலாம் என்று அந்த வண்டியை வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. இந்த மாதிரி மற்ற வீட்டு வண்டிகளில் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் ஒட்டி நிற்கும். இதில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரலாம். நேர்சாலையில் ஆடாமல் வரும் என்றார் விற்றவர். திருப்பினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்த கணவனோடு சேர்ந்து, பின்சீட்டிலிருந்த மாமனாரை முதலில் இறக்கினாள். முட்டியில் ஆபரேஷன் ஆனவர், நான் பாட்டுக்கு உள்ளேயே இருக்கிறேனே என்று முனகினார். வளைவின் மறுமுனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, வருகிற வண்டிகளை நிறுத்தும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பதவி கிடைத்ததும் முனகல் நின்றது.

போனில் சிக்னல் இல்லை. கணவன் பின்னால் நின்று கையால் வழி காட்டுவதாகப் பேச்சு.

"கண்ணாடியில நீங்க தெரியலன்னா நிறுத்திடுவேன். யார் கத்தினாலும் வரமாட்டேன்," என்றாள்.

ரிவர்ஸ் கியர் போட்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாள். வண்டி கண்டுகொள்ளவே இல்லை, நேராகவே போனது. இன்னும் ஒடித்தாள். அப்போதும் அப்படியே. பொறுமை போய் முழுக்கச் சுற்றியதும் டயர்கள் தாரில் கிறீச்சிட, வண்டியின் பின்பக்கம் வெடுக்கென்று ஏரிப்பக்கம் திரும்பியது. கணவன் இரண்டு கையையும் தூக்கினான். தடுப்புக் கல்லுக்கு இரண்டு சாண்தான் பாக்கி.

அவன் ஜன்னலுக்கு ஓடிவந்தான். முன்டயரும் பின்டயரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொள்கின்றன, இப்படியே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்றான். கொஞ்சமாக ஒடி, அது திரும்பட்டும், பொறு. சரியில்லை என்றால் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வா.

அப்படியே செய்தாள். ஒரு விரல் அளவு ஒடித்து, காத்திருந்து, பார்த்து, மறுபடி ஒரு விரல். வியர்வை கண்ணில் இறங்கியது.

வளைவில் பாதி வந்தபோது வண்டி யாரோ பிடித்து வைத்ததுபோல நின்றுவிட்டது. பிரேக்கை அழுத்தியபடி கண்ணாடியைப் பார்த்தாள். கணவனைக் காணவில்லை. வலக்கண்ணாடியில் தடுப்புக் கற்கள். இடக்கண்ணாடியில் வண்டியின் வெள்ளைத் தகரம் மட்டும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "வா, வா... தாராளமா வா."

அவன் குரல் மாதிரிதான் இருந்தது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் தடை எதுவானாலும் ஏறிவிடும். பிரேக்கிலிருந்து கால் பாதி எழும்பிவிட்டது. திரும்பவும் அழுத்தினாள். அழுத்தியபடியே இருந்தாள். கண்ணாடியில் இன்னும் அவன் இல்லை.

தடுப்புக் கற்களை உரசியபடி ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாகக் கடந்து வந்தது. ஒதுங்கிப் போக இடமிருக்கிறது என்று மாமனார் கூப்பிட்டது அதைத்தான். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே தொண்டை.

கணவன் சுவர்ப்பக்கத்திலிருந்து வெளியே வந்தான். உடம்பெல்லாம் மண், கையில் தேங்காய் அளவுக் கல். மலையிலிருந்து அப்போதுதான் உருண்ட கல்லில் வண்டியின் முன்சக்கரம் முட்டி நின்றிருக்கிறது. வண்டி நின்றுவிட்டதே, எடுத்துவிடலாம் என்று இரண்டு சக்கரத்துக்கும் நடுவே புகுந்திருக்கிறான்.

"அப்பா கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சு," என்றான். "வெளிய வர நேரமில்ல."

அவள் இன்ஜினை அணைத்து, சாவியை உருவி அவன் கையில் வைத்தாள்.

"இனிமே உள்ள போறதா இருந்தா இதை எடுத்துட்டுப் போங்க."

குவாரி வாசலுக்குள் வண்டி நுழைய இன்னும் ஒன்றரை மணி நேரமானது. ஒரு டயர் பக்கவாட்டில் கிழிந்து நூல் தெரிந்தது. மாமனார் அங்கிருந்த வாட்ச்மேனிடம், தான் போக்குவரத்தை எப்படிச் சமாளித்தார் என்று விவரித்துக்கொண்டிருந்தார்.

அவள் வண்டிக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கணவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கையை இழுத்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு," என்றான் அவன்.

அவள் கையை விடவில்லை.