பூட்டிய கேற்றின் படம்

குருநகரில் நாய் வளர்க்காத வீடு இருக்கலாம்; ஜெசிதாவைத் தெரியாத வீடு இல்லை. வாளி, சவள், பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றையும் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் நாய்ப் பீ அள்ளுவதுதான் அவளுடைய தொழில். அள்ளும்போதே பூச்சி தெரிகிறதா, இரத்தம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுவாள். ஒரு வீட்டு நோயை அடுத்த வீட்டுக்குக் காவாமல் சவளையும் செருப்பையும் கழுவுவாள். இதிலே சிரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் சனம் சிரித்தது.

சிரிக்காத ஒரே ஆள் லண்டனில் இருக்கும் லவீனா. அவளுக்கு ஒரே கவலை, குருநகரில் அப்பா வீட்டு வாசல் கேற். முந்தின நாய் திறந்த கேற்றால் ஓடி லொறியில் அடிபட்டுச் செத்தது. இப்போது அவளுடைய அப்பா நீக்கிலாப்பிள்ளைக்குத் துணை பிறவுணி என்ற இந்த நாய் மட்டும்தான். அதனால் ஜெசிதா வேலை முடித்ததும் கேற்றைப் பூட்டிப் படம் எடுத்து அனுப்பவேண்டும். அனுப்பினாலும் விடமாட்டாள், இரவிலே குரல் செய்தி வரும். "ஜெசிதாக்கா, கேற்றைப் பூட்டினனீங்களோ? ஒருக்கா இழுத்துப் பாத்தனீங்களோ?" இந்த இடத்தில் ஜெசிதா மிச்சத்தைக் கேளாமல் போனை அமத்திவிடுவாள். ஒரு கேற்றைப் பற்றி மனுசர் எவ்வளவுதான் கேட்பது!

அன்றைக்கும் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், படம் அனுப்பினாள். அடுத்த சந்தியில் ஸ்கூட்டியை நிறுத்தி, படம் வடிவாக விழுந்திருக்கிறதே, விளம்பரமாகப் போடுவோம் என்று பெரிதாக்கிப் பார்த்தாள். கொளுக்கி தெரிந்தது. பூட்டுத் தெரிந்தது. கேற்றுக்கு வெளியே, மதில் ஓரமாக, பிறவுணியின் வாலும் தெரிந்தது.

"மாதாவே!"

வாளியை வெளியே காவின நேரம் நழுவியிருக்கிறது. நாயை வெளியே விட்டுவிட்டு வெறும் முற்றத்தைப் பூட்டியிருக்கிறாள்! படத்தை அழித்தாள். அழித்த இடத்தில், செய்தி ஒன்று அழிக்கப்பட்டது என்று போன் காட்டிக்கொடுத்தது. லண்டனில் இன்னும் விடியவில்லை; ஆனால் லவீனா விடியக்காலையிலேயே வேலைக்கு எழும்புகிறவள். அவள் போனைப் பார்க்கமுதல் நாய் வீட்டில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் கிழவருக்கு என்ன பதில் சொல்வது?

தேடிக்கொண்டு கடற்கரை றோட்டுக்கு வந்தாள். அங்கே மீன் இறங்கும் நேரம். "என்னடி, மீன் வாங்கவும் உந்த வாளியோடையே வந்தனி?" என்று ஒரு மீன்காரி மூக்கைப் பொத்தினாள். திருப்பி ஏச ஜெசிதாவுக்கு நேரமில்லை. றோட்டின் மற்றப் பக்கம், வாயில் பாரைமீன் தலையோடு, பிறவுணி நின்றது. நடுவிலே மினிபஸ்சும் ஐஸ் லொறியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறந்தன. கூப்பிட்டால் குறுக்கே பாயும் என்று வாயை மூடிக்கொண்டு றோட்டைக் கடந்தாள். கிட்டப் போய்க் கூப்பிட்டாள். பிறவுணி எடுத்தது ஓட்டம். ஓடாமல்? மாதாமாதம் அதன் கழுத்தில் உண்ணி மருந்து ஊற்றுகிறவள் இவள்தானே!

கிழவருக்கு எடுப்போம் என்று அவசரத்தில் போனைத் தட்டினாள். விரல் வேறெங்கோ பட்டு, லவீனாவின் நேற்றைய குரல் செய்தி ஓடத் தொடங்கியது.

"ஜெசிதாக்கா, கேற்றைப் பூட்டினனீங்களோ?"

பிறவுணி நின்றது. காது நிமிர்ந்தது. பின்னேரங்களில் லவீனா கதைக்கும்போது, காது மந்தமான நீக்கிலாப்பிள்ளை போனை உரக்க வைத்துவிட்டு, கேட்டுக்கொண்டே நாய்க்கு விசுக்கோத்துக் கொடுப்பார். அந்தக் குரல் என்றால் விசுக்கோத்து. மீன் தலையை விடாமல் வந்து போனுக்கு முன்னால் குந்தியது.

கழுத்துப் பட்டியைப் பிடித்து நடத்தினாள். குரல் முடிந்ததும் நாயும் அசைய மறுத்தது. முந்தின நாள் செய்தியைப் போட்டாள். அதற்கு முந்தினதையும், இன்னும் பழையவற்றையும் போட்டாள். மீன்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அப்போதுதான் அந்தச் செய்திகளை முதன்முதலாகக் கடைசிவரை கேட்டாள். "கிறீம் இன்னும் அப்பாட்டைத்தான் கிடக்குதாம். ஏனக்கா வாங்கேல்லை?" அதற்கு முந்தினது: "கிறீம் வந்து சேந்திட்டுது. அப்பா மறந்துபோவார், நீங்களாக் கேளுங்கோ." போன மாதத்தது: "பிளீச்சிங் பவுடர் பட்டு உங்கடை கை வெடிச்சிருக்கெண்டு அப்பா சொன்னவர். பூசுறதுக்கு ஒரு கிறீம் அனுப்பிறன்."

ஐயோ, என்ன மனுசி நான் என்று ஜெசிதா தன் வெடித்த கையைப் பார்த்தாள்.

நாயை உள்ளே விட்டு, அது உள்ளே நிற்பதைப் பார்த்து, கேற்றைப் பூட்டினாள். போன் அடித்தது.

"அக்கா, என்னத்தை அழிச்சனீங்கள்?" என்றாள் லவீனா.

நாக்கு நுனிவரை ஒரு பொய் வந்தது. விழுங்கினாள். "பிழை என்ரை, பிள்ளை. நாயை வெளியிலை விட்டிட்டுக் கேற்றைப் பூட்டிப்போட்டன். இப்ப உள்ளுக்கை நிக்குது."

"உங்களிட்டை வராதே அது! எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

"நீங்கள்தான் கூப்பிட்டுத் தந்தனீங்கள். உங்கடை மெசேச் எல்லாத்தையும் முழுசாய்க் கேட்டனாங்கள், பிள்ளை. ரெண்டு பேரும்."

"அப்ப கிறீம்?"

"இப்பதான் அப்பாட்டை வாங்கப் போறன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் பூட்டின கேற்றைத் திரும்பவும் திறந்தாள் ஜெசிதா, ஒரு காலால் பிறவுணியை மறித்தபடி.