என் நடையில் நடந்தவன்

திரை நிறைய அவன் நடந்து வருகிறான், காக்கிச் சட்டையில், வலது காலை லேசாக இழுத்து, நாலடிக்கு ஒருமுறை பெல்ட்டை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, அது என் நடை, ஒரு கலவரத்தில் கல் பட்டு முட்டி பிசகிய பிறகு நான் நடக்கும் நடை, பக்கத்தில் இருந்த என் மனைவி சண்முகக்கனி என் தொடையில் தட்டி, ஏங்க, அப்படியே நீங்கதான் என்று சிரிக்கிறாள், காலைக் காட்சி, வெளியே ஆளுயரத்துக்கு மாலை, உள்ளே விசில், தேவ்சரண் என்றால் பத்துப் பேரைப் பறந்து அடித்துவிட்டுக் கண்ணடிப்பவன், அடிக்கிற அடியில்கூட ஒரு குறும்பு இருக்கும், அவன் நரைத்த மீசையும் சரிந்த தொப்பையுமாகக் கிழட்டு ஏட்டாக வந்து நிற்பதைக் கண்டு விசில் ஒவ்வொன்றாக அடங்குகிறது, எனக்கு மட்டும் நெஞ்சு நிறைகிறது, டிக்கெட்டை அவனேதான் அனுப்பியிருந்தான், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்று உறையின் மேல் தன் கையால் எழுதி.

போன ஆடியில் எங்கள் வீட்டு மாடியில் பதினோரு நாள் தங்கினான், ரிட்டயர்டான போலீஸ்காரர் ஒருவரோடு இருந்து பழக வேண்டும் என்று யாரோ அதிகாரி சொல்லி வந்தவன், இந்தப் படத்தோட என்னைய வேற மாதிரி பாக்கணும்ப்பா எல்லாரும் என்பான், என்னை அப்பா என்றுதான் கூப்பிட்டான், பிள்ளை இல்லாத வீட்டில் அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது, கனி ஊளிமீன் குழம்பை அவனுக்கு இரண்டாம் முறை ஊற்றுவாள், நான் லத்தியை எந்தக் கக்கத்தில் இடுக்குவேன், பொய் சொல்லும்போது எப்படி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பேன், எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒன்பதாம் நாள் மத்தியானம் உப்பளத்து வரப்பில் நடக்கும்போது, உங்களுக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்குப்பா, சொன்னா எறங்கிரும் என்றான், அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், கனிக்குக்கூடச் சொல்லாததை, இருபத்திரண்டு வருஷம் யாருக்கும் சொல்லாததை, இது நம்மளோட போகட்டும் தம்பி என்றேன், எங்கப்பா மேல சத்தியம் என்றான், அழுதான்கூட.

இப்போது திரையில் ஸ்டேஷனின் பின்னறை வருகிறது, வெளியே கோயில் கொடைத் திருவிழா ரேடியோ அலறுகிறது, அன்றும் அலறியது, சூசையை பெஞ்சில் கிடத்தியிருந்தோம், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், எங்கள் பின்தெருக்காரன், தாமிரக் கம்பி திருட்டென்று சந்தேகத்தில் மெடிக்கல் கடை வாசலில் வைத்துப் பிடித்து வந்தது, காலப் பிடிய்யா என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து உறுமினார், பிடித்தேன், இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்தேன், உதறிய கால் கொஞ்ச நேரத்தில் உதறுவதை நிறுத்தியது, அப்புறமும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன், போதையில் மாடிப்படியில் உருண்டு செத்தான் என்று எழுதினோம், திரையில் தேவ்சரண் பிடித்துக்கொண்டிருக்கிறான், என் விரல்களைப் போலவே அவன் விரல்கள் வெளுக்கின்றன, அடுத்து ஏட்டு வீட்டுக்குப் போகிறான், சாப்பாடு போடும் பெண்டாட்டி கேட்கிறாள், நம்ம பின்தெருக்காரன் ஸ்டேஷன்ல செத்துட்டானாமே, நீங்க இருந்தீங்களா, அவன் கண்ணாடியைக் கழற்றுகிறான், சட்டையில் துடைக்கிறான், நான் கொடை பந்தோபஸ்துக்குல்லா போயிருந்தேன், ஸ்டேஷன் பக்கமே எட்டிப் பாக்கல, கொஞ்சம் ரசம் ஊத்து என்கிறான்.

என் தொடையில் இருந்த கனியின் கை விலகியது.

இடைவேளை விளக்கு எரிந்தபோது அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் வராந்தாவுக்கு ஓடி அவனுக்குப் போன் போட்டேன், உடனே எடுத்தான், பாத்துட்டீங்களாப்பா, எப்படி இருக்கு என்று குதித்தான், பின்னால் யார் யாரோ கைதட்டினார்கள், சத்தியம் பண்ணுனியே தம்பி என்றேன், உங்க பேரையா போட்டேன், ஊரையாவது சொன்னேனா, நம்ம வலி நாலு பேருக்குத் தெரியட்டும்ப்பா என்றான், நம்ம வலி என்கிறான், என் வீட்டுச் சோற்றைத் தின்றவன், வாய்க்குள் வந்த வசவை எல்லாம் அள்ளிக் கொட்டப் போகையில் கனி எதிரே வந்து நின்றாள், போனை வாங்கி அணைத்தாள், அவன் ஒங்கள ஏமாத்திட்டான்ங்கியளோ, அன்னைக்கு ரெண்டு தடவ ரசம் ஊத்துனேனே, அந்தக் கையி இது என்றாள், ரெஜினாட்ட நீங்க சொல்லுதியளா, நாஞ் சொல்லட்டுமா.

ரெஜினா, சூசையின் மனைவி, பின்தெருவில் தையல் மிஷின் வைத்திருப்பவள், கனி போட்டிருந்த ஜாக்கெட்கூட அவள் தைத்ததுதான், வெயிலில் கனி முன்னால் நடக்கிறாள், நான் பின்னால், என் நடையில் நடக்கவே கூசுகிறது, அவன் நடப்பதுபோல் இருக்கிறது, ரெஜினா மிஷினை நிறுத்திவிட்டு, வாங்கக்கா, ஏட்டையாவுமா என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள், நான் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன், கண்ணாடியைக் கழற்றாமல், கால் பிடித்ததைச் சொன்னேன், பொய் எழுதியதைச் சொன்னேன், அவள் முகம் மாறவே இல்லை, அடிச்சுத்தான் கொன்னீயன்னு அன்னைக்கே தெரியும், குளுப்பாட்டுனது நான்தான ஏட்டையா என்றாள், அப்போது, தேவ்சரணிடமும் சொல்லாமல் விட்ட ஒன்று, எந்தப் படத்திலும் வராத ஒன்று, தானாக வாயில் வந்தது, அடிக்கு நடுவில் சூசை என்னிடம் கேட்டான், ஏட்டையா, சட்டப் பையில பாப்பாவுக்குக் காய்ச்ச மாத்திர இருக்கு, வீட்டுல குடுத்துருங்க என்று, சரி என்றேன், குடுக்கவில்லை, மாத்திரை இருந்தால் குடிக்கப் போனான் என்பது நிற்காது, ஸ்டேஷனுக்குப் பின்னால் சாக்கடையில் போட்டேன்.

ரெஜினா எழுந்துவிட்டாள், வாங்குனாரா, என்றாள், வாங்கினான் என்றேன், மறுபடி கேட்டாள், மாத்திரய வாங்குனாரா, கனி அவள் தோளைப் பிடித்தாள், புள்ள காய்ச்சல்ல கெடக்க, மாத்திர வாங்கப் போன மனுசன் குடிச்சிட்டுக் கெடந்தான்னுல்லாக்கா சொன்னாவ, அடிச்சது தெரியும், குடிச்சதையும் நம்பிட்டனே, கல்லறத் திருநாளுக்கு ஒரு மெழுவத்தி ஏத்தலயே நானு, மகளையும் ஏத்த விடலயே என்றாள், என் பக்கம் பார்க்கவில்லை, அக்கா, இவர வெளிய நிக்கச் சொல்லுங்க என்றாள்.

வெளியே வந்து நின்றேன், கனி உள்ளேயே இருந்தாள், மதுரையில் நர்ஸ் வேலை பார்க்கும் மகளை ரெஜினா போனில் கூப்பிடுவது கேட்டது, எடுத்த எடுப்பில், ஏட்டி பிலோ, ஒங்கப்பா மாத்திர வாங்கியிருக்காருட்டி, ஒனக்கு மாத்திர வாங்கியிருக்காரு என்று கத்தினாள்.