மேலப்பத்துப் பள்ளிக்கூடத்து அரிசி டிரம்

சாரல் தப்பாமல் விழுந்த அந்த ஜூன் மாதத்தில், இலஞ்சிக்கு மேற்கே மேலப்பத்து தொடக்கப்பள்ளியின் சத்துணவுக்கூடத்து அரிசி டிரம், யாரும் ஒரு மணி அரிசிகூடக் கொட்டாமலே தினமும் காலையில் விளிம்புவரை நிறைந்திருந்தது. பருப்புத் தகரமும் அப்படியே. முட்டை மட்டும் வரவில்லை. அரிசி ஏன் வந்தது, முட்டை ஏன் வரவில்லை என்பதில் ஊருக்குக் குழப்பம் எதுவும் கிடையாது. சமையலர் சங்கரேஸ்வரி வாயில் வந்த சொல் அப்படி. சொன்னவளுக்கு டிரம் மரியாதை கொடுத்தது, அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அடுக்களையில் நின்றுகொண்டு அரிசி இல்லை என்று சொல்லமாட்டாள். சொல்ல வாய் வராது. டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு, முதுகில் நாலு தட்டுத் தட்டி, உள்ளே குடியிருந்த வண்டையும் விரட்டிவிட்டு, "அரிசி நெறஞ்சிருக்கு" என்பாள். கேட்கிற புருஷன் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவான். சங்கரேஸ்வரிக்கு அம்மா வீட்டிலும் இதே பேச்சு, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் இதே பேச்சு. அவளோடு சமையல் உதவியாளராக இருக்கும் ஷரீபுன்னிசா வீட்டில் இதையே 'பரக்கத்தா இருக்கு' என்பார்கள். அவள் புருஷன் முகம்மது சலீம் ஷார்ஜாவில் இருந்தாலும் போனில் அந்த வார்த்தையைக் கேட்ட கையோடு தென்காசியில் இருக்கிற மச்சானைக் கூப்பிட்டு மூட்டை இறக்கச் சொல்லிவிடுவான். பருப்புக்கும் உப்புக்கும் இந்த மரியாதை உண்டு. முட்டைக்கு இல்லை. எண்ணி எடுக்கிற சாமான் என்பதாலோ என்னவோ, முட்டை தீர்ந்தால் தீர்ந்தது என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள், யாருக்கும் மனசு உறுத்தாது.

பழைய சத்துணவு அமைப்பாளர் அம்மா வேலையில் இருந்தவரை இதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை. அவர் மே மாதம் ஓய்வுபெற்றுப் போக, மூன்று பள்ளிக்கூடங்களுக்குச் சேர்த்துப் பொறுப்பாக வந்தவன் சிவகிரிக்காரன் விஜய்பாண்டி. தங்கமான பையன். எதிரில் வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வண்டியின் வேகத்தைக் குறைத்து வணக்கம் வைத்துவிட்டுத்தான் போவான். ஒரே ஒரு குறை, அவன் அம்மா வடிவம்மாள் ஆண்பிள்ளை என்று அவனை அடுக்களைப் பக்கமே விடாமல் வளர்த்துவிட்டாள். தட்டு எங்கிருந்து வருகிறது என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பள்ளி திறப்பதற்கு முன்னால் அவன் போன் போட்டு, "அக்கா, அரிசி பருப்பெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டான். சங்கரேஸ்வரி, விஷயம் புரியட்டும் என்று குரலைக் கொஞ்சம் அழுத்தி, "ரெண்டும் நல்லா நெறஞ்சிருக்கு சார்" என்றாள். அவனுக்கு ஒரே சந்தோஷம். லீவு முடிந்தும் சாமான் இவ்வளவு பத்திரமாக இருக்கிறதே என்று மனசாரப் பாராட்டினான். அவளும் சார் கெட்டிக்காரர், சொன்னதும் பிடித்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டாள். மேலப்பத்துக்கு மூட்டை எதுவும் எழுதவில்லை என்பதால் லாரி ஊருக்குள் திரும்பவே இல்லை, நேரே இலஞ்சிக்குப் போய்விட்டது. முட்டை அட்டைகளும் அதே லாரியில்தான் இருந்தன.

பள்ளி திறந்த அன்று காலையில் சங்கரேஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சீசன் நேரத்தில் மேலப்பத்துப் பெண்கள் யாரும் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. பாதிப் பேர் விடியும் முன்பே குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு கட்டப் போய்விடுவார்கள். மீதிப் பேர் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இலை முடிகிறவரை எழுந்திருக்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளிக்கூடத்து உப்புமா, மத்தியானம் சத்துணவு என்ற நம்பிக்கையில்தான் அந்த வீடுகளின் பகல்பொழுது ஓடிக்கொண்டிருந்தது. காலை உணவு மகளிர் குழுவின் பொறுப்பு, அது நடந்துவிட்டது. மத்தியானச் சோற்றுக்கு என்ன செய்வது? டிரம்மையாவது கழுவி வைப்போம் என்று மூடியைத் திறந்தாள், உள்ளே விளிம்புவரை அரிசி. வெள்ளைவெளேர் என்று, கல் இல்லை, குருணை இல்லை, கையை விட்டால் மணிக்கட்டுவரை குளிர்ச்சி. ஷரீபுன்னிசா எட்டிப் பார்த்தாள். "நீதானக்கா சொன்ன" என்று உலைவைக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து இதே வழக்கமாயிற்று. மத்தியானம் வடித்துக் கொட்டியபின் டிரம் பாதியாகும், மறுநாள் காலையில் நிரம்பியிருக்கும். பிள்ளைகள் இரண்டாம் தரம் கேட்டார்கள், மூன்றாம் தரமும் கேட்டார்கள். முட்டை எங்கே என்றும் கேட்டார்கள். ஆனால் சங்கரேஸ்வரி அந்தச் சோற்றில் ஒரு பருக்கை தொடவில்லை. ருசி பார்க்கக்கூட நாக்கில் வைக்கவில்லை. சமையலறையில் எல்லோருக்கும் பிறகு சட்டியோரமாக நின்றுகொண்டு சாப்பிடுவது அவள் வழக்கம். இப்போது அதுவும் போயிற்று. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பாடு. கேட்டால் தலைவலி என்றாள், விரதம் என்றாள்.

இரண்டு வாரம் கழித்து விஜய்பாண்டி மூச்சிரைக்கப் போன் போட்டான். மாவட்ட அலுவலகத்திலிருந்து உமா மகேஸ்வரி மேடம் வருகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை விடாமல் சாப்பிட்டதாகத் தகவல் போயிருக்கிறது, ஆனால் அரிசி வாங்கவே இல்லை, இது எப்படி என்று கேட்கிறார்களாம். இருப்பு குறைந்தால் ஒரு கேள்விதான், கூடினால் ஒன்பது கேள்வி என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். கூடினால் என்ன அர்த்தம்? போன வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்துப் போட்டு மிச்சம் பிடித்திருக்கிறாள் என்று அர்த்தம். வேலை போவதுகூடப் பெரிசில்லை என்று தோன்றியது சங்கரேஸ்வரிக்கு. பிள்ளைகள் வயிற்றில் அடித்தவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அப்புறம் இந்தத் தெருவில் எப்படி நடப்பது?

டிரம்மைக் காலி செய்துவிடுவோம் என்றாள் ஷரீபுன்னிசா. மேடம் வருகிற நாளுக்கு முந்தைய நாள் மூன்று அடுப்பும் எரிந்தன. பீடித்தட்டுகளை ஓரமாக வைத்துவிட்டுத் தாய்மார்கள் வந்தார்கள். பழக்கடைக்குப் போனவர்கள் கடையைக் கட்டிவிட்டு வந்தார்கள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தவர்கள், குற்றால அருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், பழைய அருவிக்கு வழி கேட்க நிறுத்திய ஒரு வேன் நிறையச் சாமியார்கள் என்று ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்தார்கள். ஊர்க் கல்யாணத்தில்கூட இவ்வளவு கூட்டம் கூடியதில்லை. சிரிப்பும் கும்மாளமுமாகச் சாப்பிட்டு முடித்து, எல்லோருமாக டிரம்மை எட்டிப் பார்த்தார்கள். நிரம்பிக் கிடந்தது. பொதுவாகப் பகலில் அது நிரம்புவதில்லை, அன்றைக்கு ஊரே வந்துவிட்டதால் கூடுதல் பொறுப்பு எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. யாராவது ஒருத்தி 'இல்லை' என்று அதன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அடங்கிவிடும் என்று ஒரு யோசனை வந்தது. சங்கரேஸ்வரி டிரம்முக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். ஷரீபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்று நகர்ந்தாள். ஊர்ப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

உமா மகேஸ்வரி கரிசல் காட்டுத் திருவேங்கடத்துக்காரி. மழை பார்த்த மண்ணில் பிறந்தவர் இல்லை, அதனால் அரிசி விஷயத்தில் விளையாட்டுக் காட்ட முடியாது என்று அலுவலகத்தில் பேர் எடுத்தவர். வந்ததும் டிரம்மைத் திறந்து பார்த்தார். விஜய்பாண்டியைப் பார்த்தார். வாசலில் கூடியிருந்த தாய்மார்களையும், தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் பார்த்தார். ஏன் அரிசி எழுதவில்லை என்று கேட்டதற்கு விஜய்பாண்டி, சமையலர் அக்கா நெறஞ்சிருக்கு என்று சொன்னார்கள், அதனால்தான் எழுதவில்லை என்றான். மேடத்தின் முகம் மாறியது.

"தம்பி, உங்க வீட்ல அரிசி தீந்தா அம்மா என்ன சொல்லுவாங்க?"

வீட்டில் அரிசி தீரும் என்பதே அவனுக்குப் புதுத் தகவல். அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார் மேடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. மணி போய், சிவகிரியிலிருந்து வடிவம்மாள், "என்னலே, இந்நேரத்துல கூப்பிடுத?" என்றாள். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று மகன் கேட்டான். பெற்ற நாள் முதலாக அவன் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"நெறஞ்சிருக்குலே. வரும்போது ஒரு சிப்பம் வாங்கிட்டு வந்துரு."

வாசலில் நின்ற பெண்கள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விஜய்பாண்டியின் காது இரண்டும் சிவந்துவிட்டன. லாரி வராத கதை எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அப்படியானால் இந்த அரிசி எப்படி வந்தது என்று மேடம் கேட்க, ஷரீபுன்னிசா, கடை திறந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி, "அக்கா நெறஞ்சிருக்குன்னு சொன்னா, நெறஞ்சிட்டு" என்றாள். உமா மகேஸ்வரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கரிசல் காட்டில் அவர் அம்மா எத்தனையோ தரம் சொன்ன வார்த்தைதான் அது, அங்கே ஒரு தரமும் நிறைந்ததில்லை என்பதுதான் வித்தியாசம். டிரம்மின் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அரிசி வந்தது இருக்கட்டும். சோறு மிஞ்சுதுன்னா யாரோ ஒருத்தர் சாப்பிடலன்னு அர்த்தம். இங்கன யாரு சாப்பிடல?"

பிள்ளைகள் தினமும் சாப்பிடுகிறோம் என்று கை தூக்கினார்கள். தாய்மார்கள் சாப்பிட்டோம் என்றார்கள். டீச்சர்கள் தலையாட்டினார்கள்.

"அக்கா சாப்பிடல மேடம்," என்றாள் ஷரீபுன்னிசா. "பள்ளிக்கூடம் தொறந்த நாள்லேருந்து ஒரு பருக்கை தொடல. விரதம்ங்கா, தலவலிங்கா. எல்லாம் பொய்யி."

சங்கரேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அது என் வாய்ல வந்த சொல்லு மேடம்," என்றாள். "பிள்ளைகளுக்குன்னு வந்தது. அதை நானே எடுத்துத் தின்னா, எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிராதா?"

உமா மகேஸ்வரி சேலைத்தலைப்பை இடுப்பில் செருகினார். கரண்டியை எடுத்தார். சங்கரேஸ்வரியைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் வரிசையில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்தார். மாவட்ட அலுவலகத்து மேடம் சோறு போட, சாம்பாரை ஷரீபுன்னிசா ஊற்றினாள். இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கான தட்டுகளில் போட்டவளுக்கு, உட்கார்ந்த இடத்தில் தன் தட்டில் சோறு விழுகிற சத்தம் புதுசாக இருந்தது. முதல் வாயைச் சந்தோஷத்தில் அப்படியே விழுங்கிவிட்டாள். இரண்டாவது வாய் வைத்ததும் மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். சாம்பாரை மட்டும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஷரீபுன்னிசாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, ருசி பாக்காம போட்டுட்டு இருந்திருக்கேன். ரெண்டு வாரமாவா இப்படி இருக்கு? ஒருத்தராவது சொல்லக்கூடாதா?"

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீச்சர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். ஷரீபுன்னிசா சங்கடத்தோடு கரண்டியை வாளிக்குள் விட்டாள்.

"உப்பு இல்லன்னு வாயால எப்படிக்கா சொல்ல?"

முதலில் சிரித்தது உமா மகேஸ்வரிதான். அப்புறம் ஊரே சிரித்தது. சங்கரேஸ்வரி சோற்றுக்கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கூடுதல் இருப்பைப் பெற்றோருக்கும் பரிமாறலாம் என்று மேடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் பீடித்தட்டுகள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வரிசையாக இருக்கும், தாய்மார்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மேடம் வந்த அன்றைக்கே விஜய்பாண்டி சிவகிரிக்கு அரிசிச் சிப்பம் வாங்கிக்கொண்டு போனான். வீட்டு டிரம்மில் கொட்ட இடம் இல்லாததால் அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டதாகச் சொன்னான். இப்போது வீட்டில் அவனே உலைவைக்கிறான், குழையவிடுவதில்லை. மேலப்பத்துக்கு லாரி ஒழுங்காக வருகிறது, முட்டையும் வருகிறது. மூட்டை இறக்குகிறவர்கள் டிரம்மைத் திறந்து பார்ப்பதில்லை, பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சங்கரேஸ்வரி தினமும் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். அரிசி முட்டுவதால் டிரம்மின் மூடி சரியாக உட்காருவதில்லை, அதன் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.