கண், கூடை, பேனா, துடைப்பம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் கபீர் நானாவை, அதாவது கபீர் அண்ணனை, திட்டுகிற இடம் ஒன்று இதில் வருகிறது. அதில் தப்பு முழுக்க என்னுடையது.

1957 ஜூலையில், மலாய் நாட்டில் காஜா பெராங் என்ற ஊரில் ஒரு ரப்பர் கம்பெனி அலுவலகத்தில் அட்டைகளில் துளை போடும் வேலையில் இருந்தேன். தோட்டத்திலிருந்து வருகிற ஒவ்வொரு லோடுக்கும் ஓர் அட்டை. எந்தத் தோட்டம், எத்தனை ராத்தல் என்பதெல்லாம் அதில் துளைகளாக இருக்கும். பின்னறையில் பீரோ உயரத்துக்கு ஒரு மெஷின் நின்றது. அட்டைகளைப் படித்து, தோட்டவாரியாக எடையைக் கூட்டி, தாளில் அடித்துத் தரும்.

ஆனால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஓட்டைகள் நிறைந்த பலகை ஒன்று உண்டு. இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டைக்கு ஒயர் குத்துவதுதான் சொல்வது. மேல் வரிசையில் குத்தியது முதலில் நடக்கும், அடுத்த வரிசை அடுத்து நடக்கும். எட்டு வருஷமாக ஒரு வெள்ளைக்கார மெக்கானிக் மட்டும்தான் குத்தினார். மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு முன்பே ஊருக்குக் கப்பல் ஏறுவதாக அவர் சொல்லிவிட்டார். பலகையை இனி யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது.

"நான் பார்ப்பேன்" என்றேன். மூன்று வருஷம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று கவனித்தவள் நான்.

மேனேஜர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. ஒருத்திக்கு மட்டும் தெரிந்தால் போதாது, நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். இன்னும் இரண்டு பேர் என் உதவி இல்லாமல் பலகையைக் குத்திக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மெஷின் சிங்கப்பூர் கிளைக்குப் போகும். மெஷினோடு எங்கள் மூன்று பேர் வேலையும் போகும். கெடு ஒரு மாதம்.

அந்த இரண்டு பேர் கபீர் நானாவும் லிம்மும். கபீர் நானா அட்டைப் பெட்டி தூக்குகிறவர், மெக்கானிக்குக்கு ஒயர் எடுத்துக் கொடுக்கிறவர். லிம் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறவர். இருவருக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பலகையில் இருந்ததோ அத்தனையும் ஆங்கிலம்.

எழுத்தே வேண்டாம், படம் போதும் என்று முடிவு செய்தேன். கண் படம் போட்டால் 'அட்டையைப் படி.' கூடை என்றால் 'கூட்டிச் சேர்.' பேனா என்றால் 'தாளில் அடி.' துடைப்பம் என்றால் 'கூடையைக் காலி பண்ணு, அடுத்த தோட்டம் வருகிறது.' எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு என்ற எண்களைப் படத்தின் அடியில் எழுதினேன்; எதை எந்த வரிசையில் குத்துவது என்பதைப் படங்களின் ஒழுங்கு சொல்லும். ஒரு தாளில் மேலே கண், கூடை; கீழே பேனா, துடைப்பம் என்று ஒட்டினேன். மூன்று வயசுப் பிள்ளைக்கும் புரியும் என்று எனக்கு ஒரே பெருமை.

கபீர் நானா குத்தினார். மெஷின் கடகடவென்று ஓடித் தாள் முழுக்கச் சைபர் அடித்தது. லிம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வேறு மாதிரி குத்தினார். அதிலும் சைபர். இரண்டு பேரும் இரண்டு விதமாகத் தப்புப் பண்ணி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? படத்தைப் பார்த்துக் குத்தக்கூடவா தெரியாது?" என்று கத்தினேன். கபீர் நானா என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதுகூட நினைவில் இல்லை.

கபீர் நானா கோபப்படவில்லை. தாளை எடுத்து வலது கோடியில் இருந்த கூடை மேல் விரலை வைத்தார். "இங்கேருந்துதானே ஆரம்பிக்கணும், தங்கச்சி?"

லிம்மும் அதே கூடை மேல் விரலை வைத்து, "சினி டுலு" என்று மலாயில் ஆமோதித்தார். இங்கேதான் முதலில். ஆனால் கபீர் நானாவின் விரல் அங்கிருந்து இடது பக்கம் நகர்ந்தது, லிம்முடையது நேரே கீழே இறங்கியது. இரண்டிலும் கண் படிக்கும் முன்பே கூடை கூட்டிவிட்டது, அதனால்தான் சைபர்.

மேசை மேல் அன்றைய பேப்பர்கள் கிடந்தன. கபீர் நானா தினமும் வாசிக்கிற, அரபு எழுத்தில் மலாய் அச்சிட்ட ஜாவி பேப்பர் வலமிருந்து இடமாக ஓடுகிறது. லிம்மின் சீனப் பேப்பர் வலது ஓரத்தில் தொடங்கி மேலிருந்து கீழே இறங்குகிறது. நான்தான் தமிழையும் ஆங்கிலத்தையும் படித்துவிட்டு, உலகமே இடது பக்கம் ஆரம்பிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

"மன்னிச்சிருங்க நானா" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து சுலபமாக வராது.

"அம்புக்குறி போட்டுரட்டுமா?" என்று நானே கேட்டேன்.

"போடு. ஆனா படத்தை யாராவது மாத்தி ஒட்டினா அம்பு தடுக்காதே."

அவர் சொன்னது சரி. யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கடைசியில் ஒரு பழைய தேயிலைப் பெட்டியின் பலகையை வீட்டுக்குத் தூக்கிப்போய், சின்ன ரம்பத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு துண்டு அறுத்தேன். கண்ணின் ஒரு பக்கத்தில் உருண்டைப் பல். அது உட்கார கூடையில் உருண்டைப் பள்ளம். கூடைக்கும் பேனாவுக்கும் நடுவில் சதுரப் பல், பேனாவுக்கும் துடைப்பத்துக்கும் முக்கோணம். இனி எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும், எப்படித் திருப்பினாலும் ஒரே வரிசைதான் சேரும். வழுவழுவென்று இருந்த கண்ணின் மறுபக்கம்தான் ஆரம்பம்.

மறுநாள் இருவரும் ஆளுக்கொரு தடவை குத்தினார்கள். இரண்டு தாளிலும் எடை சரியாக இருந்தது. லிம் தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

துண்டுகளைக் கம்பெனி பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார் மேனேஜர். நான் பூட்டினேன். ஆனால் நான்கின் அச்சையும் ஒரு பெரிய தாளில் வரைந்து மெஷின் அறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். தொலைந்தால் யார் வேண்டுமானாலும் இன்னொன்று வெட்டிக்கொள்ளட்டும். ரகசியமாக வைத்துக்கொள்ள இது என்ன சமையல் பொடியா?

சோதனை நாளில் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. வழக்கமான தோட்டவாரிக் கூட்டல் வந்தது, தாளும் வந்தது. நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் மேனேஜர் மலாயில் இன்னொன்று கேட்டார். இருநூறு ராத்தலுக்கு மேற்பட்ட லோடுகளை மட்டும் கூட்ட வேண்டும், மற்றவை வேண்டாம். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அதற்கு என்னிடம் துண்டே கிடையாது. சிலவற்றை எடுத்து சிலவற்றை விடு என்று சொல்ல ஒரு படம் வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. உள்ளே போனால் தோற்றதாக அர்த்தம், போகாவிட்டாலும் தோல்விதான். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. கபீர் நானா ஏதோ சொல்ல, லிம் "போலே, போலே" என்றார். முடியுமாம். பிறகு கத்தரிக்கோல் அட்டையை வெட்டுகிற சத்தம். பிறகு நெடுநேரம் ஒயர் குத்துகிற சத்தம். பிறகு மெஷின் ஓடியது.

சத்தம் கேட்டு மேனேஜர் உள்ளே போய், தாளோடு வெளியே வந்தார். கையால் போட்டு வைத்திருந்த கூட்டலோடு அங்கேயே நின்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு ராத்தல்கூடப் பிசகவில்லை. மெஷின் இங்கேயே இருக்கும் என்றார். பிறகு ஓர் அட்டைத் துண்டை என்னிடம் நீட்டி, இந்த ஐந்தாவதை எப்போது செய்தாய், எனக்குக் காட்டவே இல்லையே என்று கேட்டார்.

அதில் பென்சிலால் ஒரு சல்லடை வரைந்திருந்தது. ஒரு பக்கம் உருண்டைப் பள்ளம், மறுபக்கம் உருண்டைப் பல். கண்ணுக்கும் கூடைக்கும் நடுவில் உட்காரும்படி, சுவரில் இருந்த அச்சைப் பார்த்து வெட்டியது. பின்னால் ஓட்டை எண்கள், ஜாவி பேப்பரில் வருகிற அரபு எண்களில் இருந்தன. மெக்கானிக் வருஷக் கடைசியில் இந்த வேலையைக் குத்தும்போதெல்லாம் ஒயர் எடுத்துக் கொடுத்த கபீர் நானாவின் கை அது. எட்டு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, சொல்ல அவரிடம் வழியும் இல்லை.

நான்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம், மேனேஜர் நம்பியிருப்பார்.

"நான் செய்யலை சார். கபீர் நானா செஞ்சது" என்றேன்.

உள்ளே போனேன். இருவரும் ஒயர்களைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கபீர் நானா நிமிர்ந்து, வாத்தியாரிடம் சிலேட்டைக் காட்டுகிற மாதிரி தயங்கினார்.

"சரியா இருக்கா, தங்கச்சி?"

சல்லடையை நான் வெட்டிய கண் துண்டோடு பொருத்திப் பார்த்தேன். இடுக்கில்லாமல் உட்கார்ந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"இது எனக்குத் தோணவே இல்லை, நானா" என்றேன். "எப்படிக் குத்தினீங்க? எனக்குச் சொல்லிக் கொடுங்க."