ஆலம்பதித் தொகுதி கலைந்த கணக்கு

வாசகசாலையின் ஆண்டு மலருக்கு கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஆலம்பதி சட்டமன்றத் தொகுதியின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். 2011 தேர்தலில் அந்தத் தொகுதி இல்லை. மூன்று துண்டாகிப் பக்கத்துத் தொகுதிகளோடு சேர்ந்துவிட்டது.

எழுதியதைக் கேட்க ரத்தினசாமி வந்திருந்தார். தென்னந்தோப்புக்காரர். கடைசி எம்.எல்.ஏ. வேல்முருகனுக்கு பூத் ஏஜண்டாக இருந்தவர்.

“வேல்முருகன் தொகுதிய வித்துப்போட்டான்னு எழுதீட்டீங்களா வாத்தியாரே?”

“இல்லீங்க.”

“அப்பறம் என்னத்த வரலாறு! பூசி மொழுகாதீங்க.”

அந்தக் கோபத்தில்தான் வேல்முருகனின் சாவுக்கும் அவர் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் போகவில்லை.

தொகுதியைப் பிரிக்கும் முறையை அவருக்கு விளக்கினேன். இதில் எனக்கு ஒரு ருசி உண்டு.

“கேரளத்து ஜனத்தொகைய மொத்தத் தொகுதி நூத்திநாப்பதால வகுத்தா, ஒரு தொகுதிக்கு ரண்டேகால் லட்சம் பேருங்க. பத்து சதவீதம் முன்னப்பின்ன இருக்கலாம். நம்முளுது அதுக்கும் கீழ ஆயிரத்தெழுநூறு பேரு கொறஞ்சுது.”

“அதெப்படிங்க கொறையும்? ஊரு நெறையாச் சனமாச்சே!”

இருபது வருடமாக இந்த இடத்தில்தான் பேச்சை மாற்றிவந்தேன். அன்று முடியவில்லை; நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அந்த எண்ணிக்கை வந்த 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அறுபது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். பூட்டிய வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும். பிப்ரவரி முடிவதற்குள் வீட்டார் வந்துவிட்டால் அவர்களையும் எண்ண வேண்டும். மார்ச் முதல் ஐந்து நாள் இன்னொரு சுற்று. இதுதான் விதி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். சுலபமாக்கிச் சொல்லும் ஆசையில், “பூட்டியிருந்தா ‘பூட்டியது’ன்னு எழுதீட்டு அடுத்த ஊட்டுக்குப் போங்க” என்றேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிருந்த நம் சனம் சிவராத்திரிக்கு ஊர் திரும்பியது. அவர்கள் வாசலுக்கு மறுபடி யாரும் போகவில்லை. படிவங்களை அடுக்கிக் கட்டியபோது எண்ணிப் பார்த்தேன்: பூட்டியவை அறுநூற்றுப் பன்னிரண்டு. வீட்டுக்கு நாலு பேர் என்றாலும் போதும், தொகுதி தப்பியிருக்கும்.

“தொகுதி பிரிக்கற கமிஷன் கூட்டத்துல வேல்முருகன் எந்திரிச்சு நின்னு எதிர்த்தாருங்க. கொறஞ்சதுக்குக் காரணம் என்னன்னு கேட்டாங்க. அவருக்குத் தெரியல. தெரிஞ்ச நான் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன்.”

“ஏனுங்க சொல்லுல?”

“வேலை போயிருமோன்னு பயமுங்க. அப்பறம் நீங்கெல்லாம் அவரத் திட்ட ஆரம்பிச்சீங்க. எனக்கு அது சௌரியமாப் போச்சு.”

ரத்தினசாமி என்னைப் பார்க்கவில்லை. எழுதிய தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு ஊட்டு வாசல்ல நின்னு துரோகின்னு கத்துனது நானுங்க” என்றார். “உள்ள சோத்துல கை வெச்சுட்டு உக்காந்திருந்தாரு.”

பிறகு எழுந்து பைக் சாவியை எடுத்தார்.

“மலரெல்லாம் அப்பறம். அவரு சம்சாரம் செல்வலட்சுமி இன்னும் அந்த ஊட்லதான் இருக்கறாங்க. பொறப்படுங்க.”

“இப்பவேங்களா? என்னன்னு சொல்றதுங்க?”

“எனக்குச் சொன்னதையே சொல்லுங்க. மொதல்ல நீங்க பேசுங்க. அப்பறமும் வெளிய போகச் சொல்லாம இருந்தாங்கன்னா, நான் பேசறேன்.”