பின் இடது சக்கரம்

பஞ்சர் கடை ஷம்ஷாத் பாய் காற்று மீட்டரை மறுபடியும் பின் இடது டயரில் அழுத்தினார். முள் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது.

"காத்து கரெக்டா கீது தங்கச்சி. உன் வண்டிதான் பொய் சொல்லுது."

வினிதா காரின் பின் சீட்டைப் பார்த்தாள். மாலை, கோடி வேட்டி, ஒரு கட்டு வைக்கோல். சாயங்காலம் அப்பாவை எடுக்கப் போகிறார்கள். அப்பாதான் இல்லை.

போன வாரம் கடலுக்குப் போன அப்பா திருமலையின் படகு, காசிமேட்டுப் பக்கம் கவிழ்ந்து ஒதுங்கியது. ஆளை எவ்வளவோ தேடினார்கள். கடைசியில் முகத்துவாரக்குப்பத்துப் பெரியவர்கள் கூடி, வைக்கோலில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள். அம்மா கன்னியம்மா மட்டும் மசியவில்லை. "அவர காட்டுங்க, கயிட்டித் தர்றேன்" என்று தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் நாலு பெண்கள் சேர்ந்து அந்த விரல்களைப் பிரிக்கப் போகிறார்கள்.

"லைட்டு எங்க காட்டிச்சி?" என்றார் பாய்.

"எண்ணூர் ரோட்டுல, கடலோரமா கல்லு கொட்டிகீறாங்களே, அந்த வளைவாண்ட. காத்து கம்மின்னு மஞ்ச லைட்டு. தாண்டி வந்ததும் பூட்சி. நேத்தும் அதே எடத்துலதான்."

"மத்த நேரத்துல?"

"அந்த வீலுக்கு மட்டும் ஸ்கிரீன்ல நம்பர் வராது, எப்பவும் வெறும் கோடுதான் காட்டும். சென்சாரு அவுட்டுன்னு வுட்டுட்டேன்."

"வீலு மாத்துனியா?"

"பள்ளத்துல வுட்டு ரிம்மு நெளிஞ்சிச்சி. மாத்திட்டேன்."

"அதான். புது வீலுக்குள்ள காத்த பாக்குற சென்சாரோட நம்பர வண்டியில ஏத்தல. வண்டி இன்னும் பழைய சென்சாரதான் தேடிகினு கீது. அது கிட்ட வந்தா, தன் வீலுன்னு நெனச்சிக்கும். எதிர்ல டீக்கடை கீது பாரு, அவ்ளோ தூரம் வந்தா போதும். பழைய வீலு எங்க?"

"நைனா எட்துகினு பூட்டாரு. படகு ஓரத்துல கட்ட. டயர கழட்டித் தர்றேன்னேன். வேணாம், காத்தோட இருக்கட்டும், கடல்ல வுழுந்தாலும் மெதக்கும்னாரு."

பாய் மீட்டரைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"படகுலதான கீது?"

"இல்ல. கயித்த கத்தியால அறுத்திருந்திச்சி. யாரோ ஆட்டைய போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பாய் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது, கூட வந்திருந்த தம்பி தீபன் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டே வந்தான். "சீக்கிரம் போக்கா. எல்லாம் காத்துகினு கீறாங்க. இப்ப போயி டயரு டயருன்னு..."

அவள் வேகத்தைக் குறைத்தாள். மின்சார வண்டி என்பதால் ஓடுகிற சத்தமே இல்லை. இத்தனை நாள் சௌகரியமாக இருந்த அந்த அமைதி இன்று பயமாக இருந்தது. வளைவு வந்தது. திரையில் கோடு. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். கோடு. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு கோடு இருந்த இடத்தில் ஓர் எண் வந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இன்னாக்கா?" என்றான் தீபன். அவள் இறங்கிப் பாறைகள் மேல் நடந்தாள். பட்டப்பகல். பின்னால் கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு பாறைகளுக்கு நடுவே சக்கரம் மிதந்தது. அலை வந்தால் எழும்பியது. அலை திரும்பும்போது கூடவே போகாமல் ஏதோ பிடித்திழுத்தது போல நின்றது. அதிலிருந்து ஒரு கயிறு தண்ணீருக்குள் இறங்கியது.

பின்னாலேயே வந்த தீபன்தான் முதலில் குனிந்தான். "நைனா" என்று கத்தியவன் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மணிக்கட்டு இருந்தது. கயிறு அதைச் சுற்றி, திரும்பி வந்து, தன் மேலேயே இரண்டு முறை ஏறி இறங்கியிருந்தது. அப்பாவின் முடிச்சு. மீன் பையை அவர் இப்படிக் கட்டிக் கொண்டுவந்து போட்டால், அம்மா பல்லால் கடித்து அவிழ்ப்பாள். "இது முடிச்சா, சனியனா?" என்று தினமும் திட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போவார்.

தீபன் அழுதுகொண்டே கயிற்றில் கை வைத்தான்.

"அவுக்காதடா," என்றாள் வினிதா. "போன் பண்ணி அம்மாவ கூட்டிகினு வரச் சொல்லு."

"இத அம்மா எப்டிக்கா பாக்கும்? மொகமே..."

"முடிச்ச பாக்கட்டும்."

அவள் ஏறி வந்து காரின் பின்கதவைத் திறந்தாள். வைக்கோல் கட்டைத் தூக்கிச் சாலையோரத்தில் வைத்தாள். கோடி வேட்டியை எடுத்துப் பிரித்தாள். முன்னால், திரையில் மஞ்சள் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.