பேர்க்காரர் வீட்டுக் கதவுகள்

பேர்க்காரர் தன் முதல் டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, வாங்கிய மறுநாள் காலை, அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு கதவு முளைத்திருந்தது. பச்சை பெயின்ட் அடித்த சாதாரண மரக் கதவு. தாழ்ப்பாள் மட்டும் கொஞ்சம் இறுக்கம். அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொண்டே அதைத் திறந்த அவர் மனைவி, "உள்ள ஒரு ரூம் இருக்குங்க, காலியாத்தான் இருக்கு" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் குளியலறை இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வெள்ளையடித்த ஓர் அறை, ஒரு நாற்காலி, 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்ற பலகை. அடுத்த வீட்டுக்காரரும் அதே நேரத்தில் அங்கே பாட்டுப் பாடிக் குளித்துக்கொண்டுதான் இருந்தார்.

பேர்க்காரருக்கு லாரி ஆபீஸில் புக்கிங் வேலை. சாயங்காலமானால் பெயர் வியாபாரம். இணையத்தில் கடை திறப்பவர்களுக்கு ஒரு முகவரிப் பெயர் வேண்டுமல்லவா, அதை முந்திக்கொண்டு பதிந்து வைத்து, வேண்டியவர் வரும்போது கைமாற்றுவது. வருஷா வருஷம் புதுப்பிக்க மறந்தவர்களின் பெயர்களுக்காகக் கொக்கு மாதிரி காத்திருப்பதும் இதில் சேர்த்தி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதவு வந்தது. ஹாலில், பீரோவுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே என்று கண்ட இடத்தில் வந்தது. பெயர் விற்றால் கதவு அறையோடு கிளம்பி, வாங்கியவர் சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பல் டாக்டர், கதவு தன் வாஷ்பேசினை மறைக்கிறது என்று போன் செய்து சண்டை போட்டார். விருந்துக்கு வந்த மாமா ஒருவர் ஈரத் துண்டைக் கதவில் காயப்போட்டிருந்தபோது அந்தப் பெயர் விலைபோனது. துண்டும் கூடவே போயிற்று. மாமா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சிலிண்டர் பக்கத்துக் கதவு மட்டும் போகவில்லை. அது தையல் சம்பந்தப்பட்ட பெயர், மனைவி தையல்காரர். பெயரைச் சும்மா பூட்டி வைப்பது ஒரு தொழில், அதில் விஷயம் போட்டு வளர்ப்பது வேறு தொழில். இரண்டாவதை மனைவி எடுத்துக்கொண்டார். நூல் ஏன் அறுகிறது, சட்டைக் கையில் ஏன் சுருக்கம் விழுகிறது என்று எங்கெங்கிருந்தோ கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதினார். கேள்வி வந்தால் அறையின் மூலையில் ஒரு கிழிந்த துணி வந்து கிடக்கும். பதில் எழுதி முடித்ததும் காணாமல் போகும். நாளடைவில் அந்த அறைக்கு ஜன்னல் வந்தது, வெட்டும் மேஜை வந்தது, ஜன்னலில் வெயில் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து வராந்தாவில் போகிறவர் வருகிறவர் காலெல்லாம் இடிபட மெஷின் மிதித்தவருக்கு, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முதன்முதலாக ஓர் அறை கிடைத்தது. பேர்க்காரர் 'விற்பனைக்கு' பலகையைக் கழற்றி வெந்நீர் அடுப்பில் போட்டார். "இத யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன், போதுமா?" என்றார். அவர் மனைவி அன்று சிரித்த சிரிப்பைத் தெருவே பார்த்தது.

இனி தம்பி. அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணன் பீஸ் கட்டிப் படித்தவன், அண்ணி தைத்த சட்டையில் இன்டர்வியூவுக்குப் போனவன். ஆரம்பத்தில் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் அவன்தான் தன் மெயில் முகவரியைக் கொடுத்துக் பெயர் பதியும் கணக்கைத் திறந்தான். பெயரை வேறொருவருக்கு மாற்றலாமா என்று பதிவு கம்பெனி கேட்கும் கடிதம் அந்த முகவரிக்குத்தான் போகும். மெயில் யார் கையில் இருக்கிறதோ பெயர் அவர் கையில் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. டீக்கடையில் புதியவர்களுக்கு அதைப் பாடமாகவே எடுத்தவர் பேர்க்காரர். "அப்ப நம்ம மெயில மாத்திடுங்களேன்" என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "அட, தம்பிதானே. மாத்தினா அவன் என்ன நினைப்பான்?" என்று சொல்லிவிட்டு அவர் மற்ற பூட்டுகளையெல்லாம் இழுத்து இழுத்துப் பார்ப்பார்.

ஒரு பெரிய ரெடிமேட் கம்பெனி தையல் பெயரைக் கேட்டு நச்சரித்தது. பேர்க்காரர் முடியாது என்றார். அலுத்துப்போன கம்பெனி, பதிவில் இருந்த மெயிலுக்கு எழுதியது. தம்பி சரி என்றான். ஒரு மத்தியானம் ஒப்புதல் கேட்டுக் கடிதம் வந்தது, போனில் 'சம்மதம்' என்பதைத் தொட்டான், முடிந்தது. லாரி ஆபீஸிலிருந்து பேர்க்காரர் வந்தபோது சிலிண்டருக்குப் பக்கத்தில் வெறும் சுவர். மனைவியையும் காணோம். அவர் உள்ளே உட்கார்ந்து காலர் வெட்டிக்கொண்டிருந்தபோதே அறை கிளம்பியிருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தால் கம்பெனியின் நடைபாதை, தண்ணீர் மெஷின். அடையாள அட்டை எங்கே என்று கேட்டு வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்தில் டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாக பஸ் பிடித்து, இருட்டுகிற நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார். "ரூம் போயிடுச்சுங்க" என்றார், அவ்வளவுதான்.

பேர்க்காரர் போன் போட்டார். "அண்ணே, நீங்க விடவே மாட்டீங்க. நல்ல ரேட்டுண்ணே. பாதி உங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கேன்" என்றான் தம்பி. போனை வைத்துவிட்டுப் பேர்க்காரர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பெயர் போனதற்கு இல்லை. மத்தியானத்தில் அண்ணி அந்த அறையில்தான் இருப்பார் என்று தம்பிக்குத் தெரியும். அங்கே அந்த மேஜையில் சாய்ந்துகொண்டு எத்தனையோ முறை டீ குடித்தவன் அவன். தெரிந்தேதான் தொட்டான்.

வக்கீல், மெயில் தம்பியுடையது என்றால் சம்மதமும் தம்பியுடையதுதான் என்று கைவிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பேச ஒரு பை ஆப்பிளோடு தம்பி வந்தான். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்குச் சுவர் இருந்தது. கூட வந்த அவன் மனைவியும் குழந்தைகளும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவன் தடவித் தடவிப் பார்த்தான். கைக்குச் சுண்ணாம்புதான் ஒட்டியது. மறுவாரம் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தான். கொத்தனார் நேராக உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "கதவு நல்லாத்தான் சார் இருக்கு" என்று கூலி வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பேர்க்காரர் எந்தப் பெயரையும் புதுப்பிக்கவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, சுவர்களில் காலண்டர் மாட்ட இடம் கிடைத்தது. தையல் மெஷின் வராந்தாவுக்குத் திரும்பியது. மறுபடி எல்லார் காலும் இடித்தது. தம்பிக்குத் தலை நரைத்தும் ஞாயிற்றுக்கிழமை தவறுவதில்லை. தெருவில் நிற்பான், அண்ணி ஜன்னல் கம்பி வழியாக டீ கொடுப்பார், மழையாக இருந்தால் குடையும் கொடுப்பார். அண்ணன் உள்ளே ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் பேப்பர் படிப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு இனிமே கதவே வராதா?" என்று கேட்டான்.

பேர்க்காரர் பேப்பரைத் திருப்பினார். "என்னைக் கேட்டா? மெயில் உனக்குத்தானே வரும். பாத்து நீ சொல்லு."

தம்பி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். ஒன்றும் வந்திருக்கவில்லை. டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கம்பி வழியாக அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனான்.